சமையல் காஸில் ஓடிய கார்

கார் வாங்கிய புதிதில் என் வீட்டுக்காரர் நரேஷ் அதைத் துடைத்த துடைப்பைப் பார்த்து, எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் தெருவில் பாதிப் பேர் அது புதுக் கார் என்றே நினைத்துவிட்டார்கள். புதுசாவது கிதுசாவது. ஜெயநகரில் ரகுராம் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கோயிலுக்கும் டாக்டரிடமும் மட்டும் ஓட்டிவிட்டு, கண் சரியாகத் தெரியவில்லை என்று விற்ற வெள்ளை மாருதி எண்ணூறு அது. சீட்டின் மேல் அவர் விரித்திருந்த துண்டுகூட வண்டியோடு வந்தது.

கார் வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். அதற்கு முன்னால் ஸ்கூட்டர். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் எங்கள் பெண் வீணா, சப்பாத்திக்குள் வைத்த பொரியல் மாதிரி. ஒரு மழை நாளில் அல்சூர் ஏரிப் பக்கம் வண்டி வழுக்கி மூன்று பேரும் தெருவில் கிடந்தோம். எனக்கு முழங்கை, அவருக்குத் தோள், வீணாவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். பேருந்தின் சக்கரம் அவள் ஜடைக்குப் பக்கத்தில் போனதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்கே சொல்லிவிட்டேன், பழசோ ஓட்டையோ, நாலு சக்கரம் இருக்கிற ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று.

வண்டி வந்ததும் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருந்தார். அதனால் கதவுக்குக் கீழே இருந்த துருவைத் தானே தேய்த்து, தானே பட்டி போட்டு, தானே பெயின்ட் அடித்தார். அப்புறம் சீட்டுக்கு மெரூன் கலர் உறை. பின்கண்ணாடிக்கு மட்டும் கறுப்பு ஃபிலிம். பின்னால் பலகையில் இரண்டு ஸ்பீக்கர். கல்யாணத்தன்று எனக்குக்கூட அவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை. நானும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. தினமும் காலையில் வீணாவைப் பிரேசர் டவுனில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவர் அப்படியே பீன்யாவுக்குப் போவார். மழை பெய்தால் நான் சமையலறையில் நின்று சிரித்துக்கொள்வேன்.

யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் கஷ்டம். பீன்யா போய் வருவதற்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. இரண்டு மாதம் பல்லைக் கடித்தார். மூன்றாவது மாதம், நீலசந்திராவில் ஷெட் வைத்திருந்த டென்சில் என்ற மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

“சிஸ்டர், உங்க வூட்ல டபுள் சிலிண்டர் கீதுல்ல?” என்று டென்சில் கேட்டார். காப்பி கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

“இருக்கு. ஏன்?”

“ஒண்ணை வண்டில போட்டுக்கலாம். கிட் நான் ஃபிட் பண்றேன். பெட்ரோல்ல ஆவுற செலவுல பாதிகூட ஆவாது.”

சட்டப்படி அது தப்பு. டென்சிலுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவிலேயே இரண்டு வேன் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கே பழமொழி சொன்னார் மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பீக்கர் பலகையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். என் சமையலறையிலிருந்து சிவப்பு சிலிண்டர் ஒன்று போய் டிக்கியில் படுத்துக்கொண்டது. இரும்புப் பட்டி போட்டு இறுக்கி, மேலே திண்டுக்குத் தைப்பதுபோல ஒரு ரெக்சின் உறை தைத்துப் போட்டார்கள். ஒரு குழாய் சீட்டுக்கு அடியில் முன்னால் போயிற்று. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச், இந்தப் பக்கம் பெட்ரோல், அந்தப் பக்கம் காஸ். அவ்வளவுதான் வேலை.

அந்தக் காஸ் இணைப்பு என் பேரில் இருந்தது. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. நான் பிறந்து வளர்ந்த விவேக் நகர் வீட்டில் பம்ப் ஸ்டவ்தான். அம்மா அதைக் குத்திக் குத்தி, பம்ப் அடித்து அடித்து, சோற்றிலும் சீமெண்ணெய், புடவையிலும் சீமெண்ணெய். முதல் தடவை என் வீட்டில் நீல நிறத்தில் அடுப்பு எரிந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்ட சிலிண்டரைத்தான் காருக்குத் தாரை வார்த்துவிட்டேன்.

மீதி இருந்த ஒன்றும் நிலையாக இருந்ததில்லை. கார் சிலிண்டர் திங்கட்கிழமை காலையில் தீர்ந்துபோனால், சமையலறை சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ரசம் பாதி கொதித்திருக்கும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னடக்கார லட்சுமம்மாவிடம் ஓடுவேன்.

“ஏன் ஷோபா, இன்னிக்கும் உன் கேஸு ஆபீஸுக்குப் போயிடுச்சா?” என்று அந்த அம்மா சிரிக்கும். “பா, பா, உள்ள வா. நம்ம அடுப்புல வெச்சுக்கோ.”

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். சகிக்க முடியாதது வேறொன்று. அவருக்கு வாசனை தெரியாது. தின்னரையும் பெயின்டையும் வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து மூக்கு செத்துப்போயிருந்தது. அவருக்கு மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். குழம்பு தீய்ந்தாலும் குறை சொல்லாத புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நானே தெருவில் கிண்டல் செய்திருக்கிறேன். காஸ் கசிந்தால் மூக்கு ஒன்றுதான் காவல் என்பது அந்தச் சிலிண்டர் டிக்கிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கேட்டதற்கு, “நான் தினமும் செக் பண்ணிட்டுத்தான் எடுக்கறேன், நீ சும்மா பேஜார் பண்ணாத” என்றார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனபோது கீழே பார்த்தேன். வீணா புத்தகப் பையோடு பின்சீட்டில் மண்டியிட்டு, டிக்கிப் பக்கம் குனிந்திருந்தாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார்.

“இன்ஸ்பெக்டர் அம்மா, இன்னா ரிப்போர்ட்?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“நல்லா மோந்து பாரு.”

“பார்த்துட்டேன்ப்பா. வரல.”

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என் கையிலிருந்த ஈரத்துணி நழுவிக் கீழே விழுந்தது. பேருந்துச் சக்கரத்திலிருந்து காப்பாற்றத்தான் அந்தக் காரை வாங்கினோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டையை லட்சுமம்மா வீட்டுச் சுவர்கூடக் கேட்டிருக்கும்.

“அஞ்சாவது படிக்கிற குழந்தை மூக்க நம்பியா வண்டி ஓட்டறீங்க?”

“யார் மூக்கையாவது நம்பித்தான ஆகணும்? எனக்கு இல்லன்னா நான் இன்னா பண்றது?”

“சிலிண்டரை எடுத்துடுங்க.”

“எடுத்துட்டு? மறுபடி மூணு பேரும் ஸ்கூட்டர்ல விழறதா? நீதான கார் கேட்ட?” என்றார். அப்புறம் கொஞ்சம் இறங்கி, “அவளுக்கு அதுல ஒரு குஷி, ஷோபா. இன்ஸ்பெக்டர்னு கூப்பிட்டா எப்படிச் சிரிக்கிறா பாரு. நீ எல்லாத்தையும் பயமாவே பாக்கிற” என்றார்.

வீணாவைக் கேட்டேன். “பயமா இல்லம்மா, ஜாலியாத்தான் இருக்கு” என்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பாவும் பெண்ணும் ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. அதற்குப் பிறகு அவர் சத்தமாகக் கேட்பதை நிறுத்தினாரே தவிர, வழக்கம் நிற்கவில்லை. அவள் தலையாட்டுவாள், அவர் சாவியைத் திருப்புவார். நான் ஜன்னலில் நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். கார் முனை திரும்பும் வரைக்கும் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். அவர் பீன்யாவிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் என் மனம் அந்த டிக்கியிலேயே கிடக்கும். தெருவில் ஒரு லாரியைப் பார்த்தால், அது அந்தக் காரைப் பின்னாலிருந்து இடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும். திண்டு மாதிரி உறை போட்டால் அது திண்டாகிவிடுமா?

டிசம்பர் மாதம் வந்தது. பெங்களூர்க் குளிர் எங்கள் தெருவில் யாரையும் விடவில்லை. வீணாவுக்கும் சளி பிடித்தது. ராத்திரி நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் காரமான தைலம்.

“இது புதுசாம்மா? வாசனையே இல்ல” என்றாள்.

பழைய புட்டிதான். அதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றேன். டெஸ்ட் இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். பேசினால் குரல் தெரிந்துவிடும் என்றோ என்னவோ, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் தைலம் ஞாபகம் வந்தது.

கரண்டியோடு ஓடினேன். வாசல் படி இறங்கும்போதே எனக்கு நாற்றம் அடித்தது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். கார்க் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, குளிர் இல்லையா. வீணா பின்சீட்டில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஒன்றுமில்லை என்று. அவர் கை சாவியில் இருந்தது.

“திருப்பாதீங்க! சாவியைத் திருப்பாதீங்க!”

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. கதவைத் திறந்தேன். உள்ளே அடைந்திருந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. வீணாவின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவள் பை பிய்ந்து புத்தகமெல்லாம் தெருவில் கொட்டிவிட்டது. பக்கத்தில் லட்சுமம்மா வாசல் விளக்கேற்றத் தீப்பெட்டியோடு நின்றிருந்தாள்.

“அம்மா, வேணாம்! கொளுத்தாதீங்க! காஸ், காஸ்!”

“ஐயோ தேவரே!” என்று அவள் தீப்பெட்டியை வீட்டுக்குள் வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் காரிலிருந்து இறங்கி, டிக்கியைத் திறந்து வால்வை மூடினார். நாலு கதவையும் திறந்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் எதிர்ச் சுவரோரம் நின்றோம். என் வீட்டுக்குள் தோசை கருகிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் அந்த அடுப்பையும் அணைத்துவிட்டு வந்தேன்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். “ஒண்ணுமே தெரியலையே ஷோபா. பாப்பா இல்லன்னுதான தலையாட்டுச்சு?”

“அவளுக்கு மூக்கு அடைச்சிருக்கு!” என்று கத்தினேன். வீணாவைத் திரும்பிப் பார்த்து, “ஏண்டி, வாசனை தெரியலன்னு சொல்றதுக்கு இன்னாடி உனக்கு? கார்ல போறதுன்னா அவ்வளவு பவுசா?” என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதாள்.

அன்றைக்கு அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன நடக்க வேண்டும்? ஆனால் பயம் அவரிடம் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று பேச ஆரம்பித்தார். தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷர்தான் காரணமாம். எட்டணா சமாச்சாரமாம். டென்சில் ஞாயிற்றுக்கிழமை வந்து வாஷரும் குழாயும் மாற்றித் தருகிறானாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் வீணாவின் குரல் கேட்டது. “அப்பா, எனக்கு மூக்கு சரியாயிடுச்சு. நல்லா வாசனை வருது.”

“அப்ப திங்கக்கிழமை டூட்டிக்கு வந்துடு, இன்ஸ்பெக்டர் அம்மா” என்றார் அவர்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை, பெண்ணிடமும் பேசிப் பயனில்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தேன். அவர் சிலிண்டர் மாற்றுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பட்டியைக் கழற்றி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தரையில் இறக்கினேன். கால் விரலில் இடித்துக்கொண்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அங்கே இருந்ததையும் கழற்றினேன். அடுப்பைத் துடைத்து வைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. வீணா பார்த்துக்கொண்டே நின்றாள். ஆட்டோக்காரர் இரண்டு சிலிண்டரையும் பார்த்துவிட்டு, “வூடு காலி பண்றியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஏஜென்சியில் இருந்த பையன் நான் சொன்னதை நம்பவில்லை.

“கனெக்‌ஷனையே சரண்டர் பண்றீங்களா? எல்லாரும் எக்ஸ்ட்ரா கேட்டு வந்து சண்டை போடறாங்க, நீங்க இருக்கறதைக் குடுக்கறீங்க. ஊர் மாத்திட்டுப் போறீங்களா மேடம்?”

“இல்ல. இங்கதான் இருக்கோம்.”

“அப்ப சமையல்?”

“அதை நான் பாத்துக்கறேன். என் பேர்லதான இருக்கு? என் கையெழுத்து போதும்ல?”

போதும் என்றான். ஒரு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் அவர் இன்னொன்றை எடுப்பார். அதனால்தான் இரண்டையும் கொடுத்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்தது. சிலிண்டருக்காகத்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்? நீல நெருப்புக்காக அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஒரு பம்ப் ஸ்டவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவர் வரும்போது ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு நாற்றம் தெரியாது, சத்தம் தெரியுமே. சமையலறை வாசலில் வந்து நின்றார். ஸ்டவ்வைப் பார்த்தார், சிலிண்டர் இருந்த மூலையைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய் டிக்கியைத் திறந்து மூடினார். திரும்பி வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

“எங்க?”

“திருப்பிக் குடுத்துட்டேன். ரெண்டும். கனெக்‌ஷனே இனிமே இல்ல.”

“உனக்கு மூளை குழம்பிடுச்சா? யாரைக் கேட்டுக் குடுத்த?”

“யாரையும் கேக்கணும்னு இல்ல. என் பேர்ல இருந்துச்சு.”

“ஓ, உன் பேரு! காரை இனிமே தண்ணியில ஓட்டறதா? நான் பஸ்ல தொங்கிட்டுப் போறேன், நீ சீமெண்ணெயில வெந்து சாவு. இதான வேணும் உனக்கு?”

“நான் வெந்தா பரவால்ல” என்றேன்.

அவர் முன்னறைக்குத் திரும்பினார். வீணா கட்டிலில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “பாரு பாப்பா, உங்கம்மா பண்ண காரியத்தை. ஒரு வாஷர் மாத்தினா முடிஞ்சுபோற விஷயத்துக்கு வண்டியையே முடக்கிட்டா. நீயே சொல்லு உங்கம்மாகிட்ட, உனக்குக் கார் எவ்வளவு ஆசைன்னு. மூக்கு அடைச்சிருந்தப்பகூட விடாம வந்தவதான நீ?”

வீணா பென்சிலை வைத்தாள். “ஆசைக்காக வரலப்பா” என்றாள்.

“பின்ன ஏன் வந்த? வாசனை தெரியலன்னு சொல்லியிருந்தா பஸ் ஏத்தி விட்டிருப்பேன்ல?”

“அதான். என்னை பஸ்ல ஏத்தி விட்டுட்டு நீ தனியா கார்ல போயிடுவ.”

“போனா இன்னா?”

“உனக்கு வாசனை தெரியாதேப்பா” என்றாள். அவளுக்கு உதடு கோணியது. “எனக்கும் அன்னிக்குத் தெரியாதுதான். ஆனா நீ தனியா இருப்பியே. அதான் கூட வந்தேன்.”

அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குச் சமையலறையிலிருந்தே தெரிந்தது. ஸ்டவ்வில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை.